ஜெயச்சந்திரனைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் யார்? அஞ்சலியில் ஒரு பிழை

இசைத்தட்டு (11 ஜனவரி 2025, இரவு 9.12)

நேற்று முன்தினம் திருச்சூரில் பாடகர் பி. ஜெயச்சந்திரன் காலமானார். வயது 80. அன்று முழுவதும் நான் யாரிடமும் பேசவில்லை. மறுநாள் கணினியைத் திறந்தால் நம் மண்வாசனை78 பக்கத்து இழையில் ஓர் அஞ்சலிக் கட்டுரை எழுதி வைத்திருக்கிறார். அதில் ஒரு வரி: "இளையராஜாதான் ஜெயச்சந்திரனைத் தமிழுக்குக் கொண்டுவந்தார்." முப்பத்தெட்டுப் பேர் அதற்குக் கைகூப்பியிருக்கிறார்கள். ஒருவருக்கும் நெருடவில்லை.

1973. மணிப்பயல். இசை எம்.எஸ்.விஸ்வநாதன். பாட்டு "தங்கச் சிமிழ்போல்". இளையராஜாவின் முதல் படமான அன்னக்கிளி வந்தது 1976இல். ராஜா படத்துக்கு இசையமைக்க வருவதற்கு மூன்று வருடம் முன்பே ஜெயச்சந்திரன் தமிழில் பாடியாகிவிட்டது. பிறக்காத பிள்ளை எப்படி அப்பாவைப் பள்ளியில் சேர்க்கும்? அந்த ஒரு வரியைத் திருத்திவிடுங்கள். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

மண்வாசனை78 (இரவு 9.40)

வணக்கம் ஐயா. மனிதர் போய் மூன்று நாள் ஆகவில்லை, அதற்குள் சிவப்பு மைப் பேனாவுடன் வந்துவிட்டீர்கள். "கொண்டுவந்தார்" என்றுதான் எழுதினேன். "முதல் பாட்டு கொடுத்தார்" என்று எழுதவில்லை. மணிப்பயல் பாட்டை எங்கள் ஊரில் யார் கேட்டார்கள்? 1984இல் வைதேகி காத்திருந்தாள் வந்தது. "ராசாத்தி உன்ன" ஒலிக்காத கல்யாண வீடு உண்டா, டீக்கடை உண்டா? 2023 டிசம்பர் 28இல் விஜயகாந்த் மறைந்தபோது எங்கள் தெருமுனையில் நாள் முழுக்க அந்த ஒரு பாட்டுத்தான். அந்தப் படத்தில் அவர் நடித்த வெள்ளைச்சாமிக்குக் குரல் கொடுத்தவர் யார் என்று கேட்டால் பத்து வயதுப் பையன் சொல்வான். கொண்டுவருவது என்றால் அதுதான்.

இசைத்தட்டு (இரவு 9.51)

1973. மணிப்பயல். எம்.எஸ்.வி.

உங்கள் ஊரில் யார் கேட்டார்கள் என்பது வரலாறு ஆகாது. ஒரு வீட்டுக்கு 73இல் மருமகளை அழைத்து வந்தாகிவிட்டது. 84இல் அவள் வைத்த குழம்பு ஊர் முழுக்க மணத்தது. அதற்காகக் கல்யாணமே 84இல்தான் நடந்தது என்று பத்திரிகை அடிப்பீர்களா?

மண்வாசனை78 (இரவு 10.03)

நல்ல உவமை. பதினோரு வருடம் அந்த மருமகளை அடுப்படிப் பக்கமே விடாத மாமியார் யார் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

இசைத்தட்டு (இரவு 10.30)

விடவில்லையா? 1974, நான் அவனில்லை: "மந்தார மலரே", எல்.ஆர்.ஈஸ்வரியுடன். 1976, மூன்று முடிச்சு: "வசந்தகால நதிகளிலே", வாணி ஜெயராமுடன். 1981, அந்த 7 நாட்கள்: "கவிதை அரங்கேறும் நேரம்", ஜானகியுடன். எல்லாம் யார் இசை? நான் சொல்ல வேண்டுமா?

வசந்தகால நதிகளிலே பாட்டை இன்று ஒரு முறை கேளுங்கள். ஏரி, படகு, கண்ணதாசனின் அந்தாதி. ஒரு வரி முடிந்த சொல்லிலேயே அடுத்த வரி தொடங்கும். இரண்டு பேரும் துடுப்புப் போடுவது போல மாறி மாறிப் பாடிக்கொண்டே வருவார்கள். கடைசியில் ரஜினிக்காக எம்.எஸ்.வியே குரல் கொடுப்பார். அதுவரை இனித்த மெட்டு அந்த ஒரு குரலில் விஷமாகிவிடும். அந்தப் பாட்டில் பாடிய மூன்று பேரில் ஒருவர்கூட இப்போது இல்லை. எம்.எஸ்.வி. 2015இல் போனார், வாணி 2023இல் போனார், இப்போது இவரும். நேற்று இரவு மூன்று முறை கேட்டேன். மூன்றாவது முறை முடியவில்லை, ஊசியைத் தூக்கிவிட்டேன்.

ஆனால் என் கண் கலங்கியதற்காக 1973 நகர்ந்து 1984 ஆகிவிடாது.

யாழிசை (12 ஜனவரி, காலை 6.15)

இசைத்தட்டு அண்ணை, கோபிக்கக் கூடாது. நான் கனடாவில் இருக்கிறேன், ஆனால் காது இன்னும் யாழ்ப்பாணத்தில்தான் இருக்கிறது. நாங்கள் ஜெயச்சந்திரனை முதலில் கேட்டது இலங்கை வானொலியில். பாட்டு "பொன்னென்ன பூவென்ன கண்ணே". படம் அலைகள், 1973, எம்.எஸ்.வி. இசைதான். மணிப்பயல் என்ற பெயரையே நேற்றுத்தான் கேள்விப்படுகிறேன். ஆகவே முதல் பாட்டு அலைகள் ஆக இருக்கலாம் அல்லவா?

இசைத்தட்டு (காலை 6.22)

இல்லை.

யாழிசை (காலை 6.25)

இரண்டும் ஒரே வருடம். எது முந்தியது என்று எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள்?

இசைத்தட்டு (காலை 6.41)

தங்கையே, நான் ஐம்பது வருடமாக இசைத்தட்டுச் சேர்க்கிறவன். வீட்டில் ஆயிரத்துக்கு மேல் இருக்கிறது. அரிசி வாங்க வைத்திருந்த பணத்தில் தட்டு வாங்கிவிட்டு வீட்டில் இரண்டு நாள் பேச்சு வாங்கியவன். மணிப்பயல்தான் முதல். அலைகள் அருமையான பாட்டு, மறுக்கவில்லை. இரண்டாவது பாட்டுக்கும் அருமையாக இருக்க உரிமை உண்டு.

மண்வாசனை78 (காலை 7.10)

உங்கள் முகாமிலேயே விரிசல் விழுந்துவிட்டது. வேடிக்கை பார்க்கிறேன்.

பாலக்காட்டான் (காலை 8.05)

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டு சும்மா இருந்தேன். இனி முடியாது. "தமிழுக்குக் கொண்டுவந்தார்", "தமிழுக்குக் கொண்டுவந்தார்" என்று என்ன பேச்சு இது? அவர் என்ன பலாப்பழமா, லாரியில் ஏற்றி வாளையாறு சோதனைச்சாவடி வழியாகக் கொண்டுவருவதற்கு? 1965இல் சென்னைக் கச்சேரி ஒன்றில் அவர் பாடியதைக் கேட்டுத்தான் குஞ்ஞாலி மரக்கார் என்ற மலையாளப் படத்தில் பாட அழைத்தார்கள். ஆனால் அதற்கு முன்பு வெளிவந்தது களித்தோழன், 1966. தேவராஜன் மாஸ்டர் இசையில் "மஞ்ஞலயில் முங்ஙித்தோர்த்தி". அந்தப் பாட்டு இன்றும் கேரளத்தில் கிழவனும் பாடுவான், குழந்தையும் பாடும். விலங்கியல் படித்துவிட்டுச் சென்னையில் ஒரு கம்பெனியில் வேலையும் பார்த்தவர் அவர். யாரும் கொண்டுவரவில்லை ஐயா, ரயில் டிக்கெட் எடுத்து அவரே வந்தார்.

நீங்கள் 73 என்றும் 84 என்றும் அடித்துக்கொள்ளும் போதெல்லாம் எங்களுக்குச் சிரிப்பு வருகிறது. எங்களுக்கு அவர் பாவகாயகன், உணர்ச்சியைப் பாடுகிறவர். அந்தப் பட்டம் தமிழ்நாட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இசைத்தட்டு (காலை 8.20)

களித்தோழன் எனக்கும் தெரியும். குஞ்ஞாலி மரக்கார் முதலில் பதிவானது, களித்தோழன் முதலில் வெளியானது. 1958 பள்ளிக் கலைவிழாவில் ஜேசுதாஸ் பாட்டிலும் இவர் மிருதங்கத்திலும் முதல் பரிசு வாங்கினார்கள். இரண்டு பேரும் சேர்ந்திருக்கும் அந்தப் பழைய படமும் என்னிடம் இருக்கிறது. உங்கள் ஊர்க்காரர் என்பதால் நீங்கள் எனக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கேள்வி தமிழைப் பற்றியது. தமிழில் 1973. மணிப்பயல்.

மண்வாசனை78 (காலை 9.00)

பாலக்காட்டான் வந்ததும் நல்லதாகப் போயிற்று. எம்.எஸ்.வி. காலப் பாட்டுகளைக் கேளுங்கள். மலையாள வாடை அடிக்கும். ராஜாவிடம் வந்த பிறகுதான் அவர் நாக்கு தமிழ் நாக்கு ஆனது. கிழக்கே போகும் ரயிலில் "மாஞ்சோலைக் கிளிதானோ" கேளுங்கள். தேனி வயற்காட்டில் பிறந்தவர் பாடுவது போல இருக்கும். ஒருவர் நாக்கையே மாற்றியவர்தான் கொண்டுவந்தவர்.

பாலக்காட்டான் (காலை 9.04)

வாடையா? ழகரம் எங்களிடமும் இருக்கிறது நண்பரே, நாங்கள் தினமும் பயன்படுத்துகிறோம். "வாளைப்பளம்" விற்கிற ஊரில் இருந்துகொண்டு எங்கள் நாக்கைத் திருத்த வராதீர்கள்.

இசைத்தட்டு (காலை 9.15)

இந்த ஒரு விஷயத்தில் பாலக்காட்டான் பக்கம் நிற்கிறேன். "மந்தார மலரே" மலையாளம் கலந்தே எழுதப்பட்ட பாட்டு. அதில் மலையாள வாடை அடிக்காமல் மல்லிப்பொடி வாடையா அடிக்கும்? "பொன்னென்ன பூவென்ன" கேளுங்கள். ஒரு எழுத்துப் பிசகு காட்டுங்கள், என் தட்டு எல்லாவற்றையும் உங்கள் பெயருக்கு எழுதி வைக்கிறேன்.

யாழிசை (காலை 9.18)

பார்த்தீர்களா, உதாரணம் வேண்டும் என்றதும் உங்களுக்கும் அலைகள்தான் வாயில் வருகிறது. மணிப்பயல் வரவில்லை.

இசைத்தட்டு (காலை 9.19)

உதாரணம் வேறு, முதல் வேறு.

கூட்டல்கழித்தல் (காலை 11.30)

ஒரு சிறு சந்தேகம். எல்லா அஞ்சலியிலும் "16,000 பாடல்கள்" என்று எழுதியிருக்கிறார்கள். மண்வாசனையின் கட்டுரையிலும் அப்படியே இருக்கிறது. 1965 முதல் கணக்கிட்டால் அறுபது வருடம். வருடத்துக்கு 266 பாட்டு. நான்கு நாளைக்கு ஏறக்குறைய மூன்று பாட்டு, ஓணம், விஷு, காய்ச்சல், தொண்டைக்கட்டு எதுவும் இல்லாமல். அவரே பல வருடம் பாட்டுக் குறைந்து இருந்தவர். எந்தப் பட்டியலைப் பார்த்து எண்ணினீர்கள்?

மண்வாசனை78 (காலை 11.42)

எல்லாப் பத்திரிகையும் எழுதியது. நானும் எழுதினேன்.

கூட்டல்கழித்தல் (காலை 11.50)

எஸ்.பி.பி.க்கு 40,000 என்றும் எல்லாப் பத்திரிகையும் எழுதியது. 54 வருடத்தால் வகுத்தால் வருடத்துக்கு 740. தினமும் இரண்டு பாட்டு, ஞாயிற்றுக்கிழமை உட்பட. சாகிற ஒவ்வொரு பாடகருக்கும் ஒரு பூஜ்யம் சேர்த்து மாலை போடுகிறோம்.

இசைத்தட்டு (பகல் 12.05)

பாலுவை இதில் இழுக்காதீர்கள். ஒரே நாளில் பத்து, பதினைந்து பாட்டுப் பாடியவர் அவர். உங்கள் வகுத்தல் எல்லாம் வங்கிக் கணக்குக்குச் சரி.

கூட்டல்கழித்தல் (பகல் 12.09)

அப்படிப் பாடிய நாட்கள் எத்தனை? அதைத்தானே கேட்கிறேன்.

மண்வாசனை78 (பகல் 1.30)

பாலுவை இழுக்கக் கூடாதா? நான் இழுக்கிறேன். இந்த மன்றத்தின் பழைய இழைகளை மதியச் சாப்பாட்டுக்கு முன்பு தோண்டிக்கொண்டிருந்தேன். படியுங்கள்.

2020 செப்டம்பர் 25. எஸ்.பி.பி. மறைந்த அன்று ஒருவர், பாலுவின் முதல் தமிழ்ப் பாட்டு "ஆயிரம் நிலவே வா", அடிமைப்பெண், 1969, இசை கே.வி.மகாதேவன் என்று எழுதினார். நம் இசைத்தட்டு ஐயா பாய்ந்தார். வெளியானது கணக்கில்லை, பதிவானதுதான் கணக்கு. வெளிவராமலே போன ஓட்டல் ரம்பா படத்துக்காக எல்.ஆர்.ஈஸ்வரியுடன் பாடியதுதான் முதல். இசை? எம்.எஸ்.வி.

2023 பிப்ரவரி 4. வாணி ஜெயராம் மறைந்தார். பத்மபூஷண் அறிவித்துப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. தமிழில் அவர் முதலில் பாடியது தாயும் சேயும் படத்துக்கு, எஸ்.எம்.சுப்பையா நாயுடு இசையில், படம் வரவில்லை என்று நான் எழுதினேன். அடுத்தது வீட்டுக்கு வந்த மருமகள், 1973, சங்கர் கணேஷ், டி.எம்.எஸ்ஸுடன். ஐயா அன்று என்ன சொன்னார்? பதிவும் கணக்கில்லை, வெளியானதும் கணக்கில்லை, ஜனங்கள் நெஞ்சில் நின்றதுதான் கணக்கு. தீர்க்க சுமங்கலி, 1974, "மல்லிகை என் மன்னன் மயங்கும்". இசை? எம்.எஸ்.வி.

இப்போது 2025. ஜனங்கள் நெஞ்சு கணக்கில்லையாம், தேதிதான் கணக்காம். இசை? எம்.எஸ்.வி.

மூன்று பேர் செத்தார்கள், மூன்று முறை சட்டம் மாறியது, தீர்ப்பு மட்டும் மாறவே இல்லை.

பாலக்காட்டான் (பகல் 1.34)

கைதட்டினேன். வீட்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

இசைத்தட்டு (பகல் 2.50)

சாப்பிட்டுவிட்டு வந்தேன். பதில் சொல்கிறேன்.

தீர்ப்பு சரியாக இருந்தால் சட்டம் எப்படிப் போனால் என்ன? ஒவ்வொரு முறையும் எம்.எஸ்.வி. வாசலில்தான் வந்து நிற்கிறது என்றால் அது என் குற்றமா? அந்தக் காலத்தில் புதுக்குரல்களுக்குக் கதவு திறந்து வைத்திருந்த வீடு அது. பாலு, வாணி, ஜெயச்சந்திரன் மூன்று பேருமே வேற்று மொழி பேசியவர்கள் அல்லது வேற்று மொழியில் பாடிவிட்டு வந்தவர்கள். மூன்று பேருக்கும் யாருடைய பாட்டு மேல்வரிசையில் இடம் வாங்கிக் கொடுத்தது?

அது இருக்கட்டும். நீங்கள் 2023இல் என்ன சொன்னீர்கள் மண்வாசனை? "பதிவுதான் கணக்கு, சுப்பையா நாயுடுவை மறக்கலாமா" என்று கூவியவர் நீங்கள்தான். இன்று பதிவு வேண்டாம், தேதி வேண்டாம், டீக்கடை போதும். நான் மாறினேன் என்றால் நீங்கள் எதிர்த் திசையில் அதே வேகத்தில் மாறியிருக்கிறீர்கள். நடுவழியில் நாம் கைகுலுக்கியிருக்க வேண்டும்.

மண்வாசனை78 (பகல் 3.15)

நான் 2023இல் நியாயத்துக்காகப் பேசினேன்.

இசைத்தட்டு (பகல் 3.16)

நானும்.

நெறியாளர் (மாலை 5.00)

நண்பர்களே, இது அஞ்சலிப் பகுதி. ஒரு பெரிய கலைஞர் மறைந்திருக்கிறார். அவர் பாட்டுகளில் உங்களுக்குப் பிடித்ததைப் பகிருங்கள், சண்டை வேண்டாம். நான் 90களில் வளர்ந்தவன். எனக்கு ஜெயச்சந்திரன் என்றால் கிழக்குச்சீமையிலே, "கத்தாழங்காட்டு வழி". அண்ணன் வீட்டை விட்டுத் தங்கை மாட்டு வண்டியில் போகிற அந்தப் பாட்டைக் கேட்டால் இன்றும் தொண்டை அடைக்கும். என்னைக் கேட்டால் அவரை எங்கள் தலைமுறைக்குக் கொண்டுவந்தவர் ரகுமான்.

இசைத்தட்டு (மாலை 5.02)

நெறியாளரே!

மண்வாசனை78 (மாலை 5.03)

நெறியாளருமா?

பாலக்காட்டான் (மாலை 5.05)

இனி யாராவது வந்து பூவே உனக்காக என்று சொல்லி எஸ்.ஏ.ராஜ்குமாரையும் கொண்டுவந்து நிறுத்துங்கள். 1985இல் ஸ்ரீநாராயண குரு படத்துக்காகத் தேசிய விருது வாங்கினாரே, "சிவசங்கர சர்வ சரண்ய விபோ". அதைப் பற்றி இத்தனை பதிவுகளில் ஒருவர் ஒரு சொல் எழுதினீர்களா? இரண்டு நாளாக நீங்கள் அழுவது ஜெயச்சந்திரனுக்காகவா, உங்கள் இசையமைப்பாளர்களுக்காகவா?

இசைத்தட்டு (மாலை 5.20)

கேள்வி நியாயம். நாளை தனி இழை தொடங்கி அந்தப் பாட்டைப் பற்றி எழுதுகிறேன். இந்த இழையின் தலைப்பு வேறு.

மண்வாசனை78 (13 ஜனவரி, காலை 7.30)

எல்லோருக்கும் போகி வாழ்த்துகள். பழையதை எரிக்கிற நாள் என்பதால் இசைத்தட்டு ஐயாவின் 1973ஐ எரித்துவிடலாமா என்று யோசித்தேன். மாட்டார். ஆகவே ஒரு சம்பவம் சொல்கிறேன். மேற்கு மலை அடிவாரத்தில் ஒரு கொட்டகையில் வைதேகி காத்திருந்தாள் ஓடியபோது, "ராசாத்தி உன்ன" ஒலிக்கிற நேரத்துக்குக் காட்டு யானைகள் கூட்டமாக இறங்கி வந்து நின்று கேட்டுவிட்டு, பாட்டு முடிந்ததும் திரும்பிப் போகுமாம். எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. யானையே வந்தது ஐயா. மணிப்பயலுக்கு ஒரு முயல் வந்ததா?

கூட்டல்கழித்தல் (காலை 7.48)

மாலைக் காட்சிக்கா, இரவுக் காட்சிக்கா? இரண்டு காட்சியிலும் பாட்டு வேறு வேறு நேரத்தில் வரும். யானைக்கு யார் நேரம் சொல்லி அனுப்பினார்கள்?

மண்வாசனை78 (காலை 7.55)

என் தாய்மாமன் கம்பத்துக்காரர். அவர் சொன்னது.

கூட்டல்கழித்தல் (காலை 7.57)

அவர் பார்த்தாரா?

மண்வாசனை78 (காலை 8.10)

பார்த்தவரைப் பார்த்தார்.

இசைத்தட்டு (காலை 8.30)

யானை சாட்சி சொல்ல வந்த வழக்கு இதுதான் முதல் என்று நினைக்கிறேன். மண்வாசனை, நான் அந்தப் பாட்டுக்கு எதிரி இல்லை. ஒற்றை ஆள், ஒற்றை வலி, பின்னால் வாத்தியம் அதிகம் இல்லை. குரலை உயர்த்தாமலே ஒரு மனிதன் உடைந்து போவதைப் பாடிக் காட்டியிருக்கிறார். வேறு யார் பாடியிருந்தாலும் அழுதிருப்பார்கள். இவர் அழவில்லை, அதனால்தான் நாம் அழுகிறோம். அந்தப் படத்திலேயே வாணியுடன் "இன்றைக்கு ஏன் இந்த ஆனந்தமே" பாடினார். எம்.எஸ்.வி. 76இல் சேர்த்து வைத்த ஜோடியை ராஜா 84இல் எடுத்துக்கொண்டார் என்று சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும். ஆகவே சொல்லவில்லை.

மண்வாசனை78 (காலை 8.33)

சொல்லிவிட்டீர்களே.

இசைத்தட்டு (காலை 8.34)

தப்பித் தவறி வந்துவிட்டது. 1973.

யாழிசை (காலை 8.50)

போன வருடம் ஜனவரி 25இல் இளையராஜாவின் மகள் பவதாரிணி கொழும்பில் கண்ணை மூடியபோதும் இந்த மன்றத்தில் இதே கூத்துத்தான். "மயில் போல பொண்ணு ஒண்ணு" பாடித் தேசிய விருது வாங்கிய பிள்ளை. ஒரு நாள்கூட அமைதியாக இருக்க விடவில்லை, அப்பாவைப் பற்றிய சண்டையாக மாற்றிவிட்டீர்கள். நான் அன்றே மன்றத்தை விட்டுப் போயிருக்க வேண்டும். சரி, அண்ணை, நான் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் இல்லை. மணிப்பயல் முந்தியது என்பதற்கு என்ன ஆதாரம்?

கூட்டல்கழித்தல் (காலை 9.02)

நானும் அதைத்தான் கேட்க வந்தேன். இரண்டு படத்தின் தணிக்கைத் தேதி போடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு தட்டுகளின் எண்ணையாவது போடுங்கள். உங்களிடம்தான் ஆயிரம் தட்டு இருக்கிறதே.

இசைத்தட்டு (காலை 9.40)

அலைகள் தட்டு இருக்கிறது. மணிப்பயல் தட்டு இப்போது கைவசம் இல்லை.

கூட்டல்கழித்தல் (காலை 9.41)

ஆதாரம் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

இசைத்தட்டு (காலை 10.15)

வேண்டாம் என்று பார்த்தேன். 2019இல் நம் மன்ற நண்பர்கள் சிலர் என் வீட்டுக்கு வந்தார்கள். வடை, காபி எல்லாம் ஆயிற்று. அதில் ஒருவர் மணிப்பயல் தட்டை "கணினியில் ஏற்றிவிட்டு ஒரு வாரத்தில் தருகிறேன்" என்று வாங்கிப் போனார். ஆறாவது வருடம் நடக்கிறது. அந்த நண்பர்தான் இப்போது என்னிடம் ஆதாரம் கேட்கிறார்.

பாலக்காட்டான் (காலை 10.17)

ஐயோ.

கூட்டல்கழித்தல் (காலை 10.30)

நான் திருப்பித் தந்துவிட்டேன். நீங்கள் வீட்டில் இல்லை. உங்கள் மருமகளிடம் கொடுத்தேன்.

இசைத்தட்டு (காலை 10.44)

மருமகளைக் கேட்டேன். அப்படி யாரும் வரவில்லை என்கிறாள். எந்தத் தேதி?

மண்வாசனை78 (காலை 10.46)

தேதிதானே கணக்கு.

கூட்டல்கழித்தல் (காலை 11.05)

தேதி எனக்கு நினைவில்லை. மழை பெய்துகொண்டிருந்தது. துணிப்பையில் வைத்துக் கொடுத்தேன்.

இசைத்தட்டு (காலை 11.06)

எஸ்.பி.பி. எத்தனை பாட்டுப் பாடினார் என்று நாள் கணக்குப் பார்க்கிறவருக்குத் தட்டைக் கொடுத்த தேதி நினைவில்லை.

நெறியாளர் (14 ஜனவரி, காலை 8.00)

அனைவருக்கும் பொங்கல் வாழ்த்துகள். தட்டு விவகாரத்தைத் தனிமடலில் பேசிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். இன்று மாலை இழையைப் பூட்டலாம் என்று இருக்கிறேன்.

புதுக்காது (காலை 9.20)

வணக்கம், இன்றுதான் சேர்ந்தேன். ஜெயச்சந்திரன் ஐயாவுக்கு அஞ்சலி. என் மகள் "ஒரு தெய்வம் தந்த பூவே" போட்டால்தான் தூங்குவாள். அவர் குரல் வருகிற இடத்தில் கண் சொருகும். தமிழில் அவர் முதலில் பாடியது எந்தப் பாட்டு என்று யாராவது சொல்ல முடியுமா?

யாழிசை (காலை 9.21)

அலைகள்.

இசைத்தட்டு (காலை 9.21)

மணிப்பயல். 1973. எம்.எஸ்.வி. தம்பி, இவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். மேலே முதல் பதிவிலிருந்து படியுங்கள்.

மண்வாசனை78 (காலை 9.24)

முதலில் "ராசாத்தி உன்ன" கேளுங்கள் தம்பி, அப்புறம் படிக்கலாம். என் கட்டுரை பக்கத்து இழையில் இருக்கிறது. ஒரு வரியும் மாற்றவில்லை, மாற்றவும் போவதில்லை.

கூட்டல்கழித்தல் (காலை 10.10)

பூட்டுவதற்கு முன்பு ஒன்று சொல்லிவிடுகிறேன் ஐயா. ஆறு வருடமாக மரியாதைக்காக வாய் திறக்கவில்லை. நீங்கள் தந்த உறையின் மேல் மணிப்பயல் என்று எழுதியிருந்தது. உள்ளே இருந்தது சீர்காழி கோவிந்தராஜன் பாடிய முருகன் பாட்டுத் தட்டு. அதனால்தான் கணினியில் ஏற்றவில்லை.

இசைத்தட்டு (காலை 10.12)

ஆக, என் முருகன் பாட்டும் உங்களிடம்தான் இருக்கிறது.